பரணில் எவ்வளவு நேரம்

பதினாறு பக்கப் படிவம்.
என் வேலை கேள்வி கேட்பது,
பதில் வரும்வரை பேனாவை மூடாமல் இருப்பது.

எர்சிலியா மோர்ராவுக்கு எழுபத்தாறு வயது.
விலாவில் ஒரு குழாய்.
போன வாரம் ஒன்றரை லிட்டர் இறக்கினார்கள்,
வைக்கோல் நிறத்தில்.
நாற்காலியில் உட்கார்ந்தபடியே
மாடிப்படி ஏறுகிறவர் மாதிரி
இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிற்கிறார்.

ஆலையில் வேலை பார்த்ததுண்டா?
இல்லை. தபால் நிலையம்.
முப்பத்தோரு வருடம் முத்திரை குத்தினேன்.
அப்பா?
நெல்வயலில் மதகு திறந்து மூடுகிறவர்.
கணவர்?
கட்டிக்கொள்ளவில்லை.
யாருடைய வேலை உடுப்பையாவது துவைத்தீர்களா?
என்னுடையதை.

இந்த ஊரில் பெரும்பாலும்
முதல் கேள்வியிலேயே பதில் கிடைத்துவிடும்.

கல்லில் நார் உரிப்பது என்றால்
நடக்காத காரியம் என்று பொருள்.
போ நதிக்கரையில் அதை
மூன்று ஷிஃப்டில் நடத்தினார்கள்.
கல்நாரைச் சிமென்டில் குழைத்துக்
கூரை, குழாய், தண்ணீர்த் தொட்டி.
குழாயைக் கடையும்போது உதிர்ந்த தூளைச்
சாக்குச் சாக்காய் ஊருக்குச் சும்மா கொடுத்தார்கள்.
சும்மா வருவதை யார் வேண்டாம் என்பார்?
முற்றத்தில் கொட்டினால் மழைக்குச் சேறில்லை.
பரணில் பரப்பினால் பனிக்குக் குளிரில்லை.
மரப்பந்து உருட்டும் திடலில்
பந்து சொன்னபடி ஓடியது.

ஒரு மயிரை நீளவாக்கில்
பிளந்து பிளந்து, கண் தோற்றபின்னும் பிளந்தால்
அதுதான் அந்த நார்.
மூச்சோடு போகும்; இருமலோடு வராது.
நுரையீரலைப் போர்த்திய மெல்லிய உறையில் செருகிக்கொள்ளும்.
இருபது வருடம் அசையாது. நாற்பதும்.
அதற்குள் ஆலையை மூடி, இடித்து,
அந்த இடத்தில் புல்லும் வைத்துவிட்டார்கள்.
பிறகு ஒருநாள் உறை தடிக்கத் தொடங்கும்,
பழத்தை நெரிக்கும் தோல் போல.

மீசோதெலியோமா.
தாளில் இருந்த அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தார்,
கிறுக்கலான முகவரியைப் படிக்கிற பழக்கத்தில்.
"இது எனக்கு வந்ததுதானா?"

நாற்பத்தோராம் கேள்வி:
இளம் வயதில் அதிக நேரம் கழித்த பிற வீடுகள்.

அவர் வாசலைப் பார்த்தார். வெளியே தங்கை மகள்
காபி எந்திரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.
"கதவைச் சாத்து."

அறுபத்திரண்டு, ஜூலை.
ரொட்டிக்கடைக்காரர் வீட்டுப் பரண்.
அவர் மகன் இலாரியோ.
சாம்பல் நிறத் தூள், ஒரு சாண் கனத்துக்கு, மெத்தை மாதிரி.
அதன்மேல் ஒரு போர்வை.
"எழுந்தால் தலைமுடியெல்லாம் அதுதான்.
பக்கத்தில் உட்கார்ந்து ஊதி ஊதி எடுப்பான்.
யாராவது கேட்டால் மாவு என்று சொல் என்பான்."

பாதிரியாரிடம்கூடச் சொல்லாததை
என் படிவத்துக்குச் சொன்னார்.
படிவமோ அடுத்த கட்டத்தைக் காட்டியது:
வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

சிரித்தார். சிரிப்பு இருமலாகிக் குழாய் ஆடியது.
"வாரத்துக்கா! மொத்தமே ஆறு மதியம்."
பிறகு: "ஆறு போதுமா?"

இவ்வளவுக்குக் கீழே பயமில்லை என்ற அளவு
எங்களிடம் இல்லை.
அந்தப் பரண்தானா, ஊர்க் காற்றா,
அதுவும் தெரியாது.
இரண்டையும் சொன்னேன்.

"அவன் அர்ஜென்டினா போய்விட்டான். ரொசாரியோவில்.
எண்பதாகியிருக்கும்.
அவனிடம் சொல்ல வேண்டுமோ?"
அதற்குப் படிவத்தில் இடம் இல்லை.

எழுதியதைத் திருப்பி வாசித்தேன்:
பரண், ஒரு கோடை, ஆறு முறை.
"ஏழு" என்றார்.
"ஆகஸ்டில் ஒன்று. அன்றைக்கு ஆலங்கட்டி மழை,
பேசினால் கேட்கவே இல்லை."

ஆறை அடித்து ஏழாக்கினேன்.
அடித்த இடத்தில் கையெழுத்து வேண்டும், விதி.
என் பேனாவை வாங்கிப் போட்டார்.
மை காயவில்லை.
தாளை வாயருகே கொண்டுபோனார்,
ஊத வரவில்லை.

நான் ஊதினேன்.